அலுவலகத்துக்கு எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம்? கரியமில வாயு மீட்டர் சொல்லும் கணக்கு

கேள்வி சுருக்கமாக இது: சென்னை ஓஎம்ஆரில் 5,000 சதுர அடி அலுவலகம். ஒன்பதடி உயர சீலிங், கேசட் ஏசி, திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல். இப்போது முறை வைத்து 30, 35 பேர் வருகிறார்கள். அடுத்த மாதம் முதல் 70 பேரும் வர வேண்டும். மழைக்காலத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வரிசையே படுத்துவிடுகிறது. ஒரு விற்பனையாளர் வாசலுக்குத் தெர்மல் கேமரா, முகம் பார்த்து வருகைப்பதிவு, மேசை முன்பதிவு ஆப், கழுத்தில் மாட்டும் புளூடூத் டேக் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

தொகுப்பாக வாங்க வேண்டாம். அதில் மேசை முன்பதிவு ஆப் மட்டும் உங்களுக்கு உதவும், அதுவும் எத்தனை பேரை அனுமதிப்பது என்ற எண் கையில் இருந்தால்தான். அந்த எண்ணை விற்பனையாளரிடம் கேட்டால் ஆறடி இடைவெளி விட்டு மேசை வரைபடம் போட்டுத் தருவார். நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் அறையின் காற்றை. அதற்கு ஆறு கரியமில வாயு மீட்டரும் ஒரு மாலை நேரமும் போதும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்த ஒரு சம்பவம். 2020 மார்ச்சில் அந்த நகரத்தின் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், 11-ஆவது மாடியில் இயங்கிய கால் சென்டரில் 216 பேரில் 94 பேருக்குக் கொரோனா தொற்றியது. அதே கட்டடத்தின் மற்ற மாடிக்காரர்களும் அதே லிஃப்ட், அதே வரவேற்புக் கூடத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்களில் தொற்று உறுதியானவர்கள் மூன்றே பேர். 11-ஆவது மாடியிலும் தொற்றியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள். லிஃப்டில் ஒரு நிமிடம் உரசி நிற்பதைவிட ஒரே காற்றில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதில்தான் ஆபத்து அதிகம். வாசலில் நிற்கும் எந்தக் கருவியாலும் இதைத் தடுக்க முடியாது.

தெர்மல் கேமராவைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்குச் சொல்லும் நிபந்தனைகள்: அறை வெப்பம் 20 முதல் 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள், ஆள் உள்ளே வந்து குறைந்தது 15 நிமிடம் ஆறியிருக்க வேண்டும், கண்ணாடி தொப்பி மாஸ்க் கழற்ற வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஆள். சென்னையில் காலை ஒன்பதரைக்கு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வருபவரின் நெற்றியில் அந்தக் கேமரா எதைப் படிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கெல்லாம் ஒத்துழைத்தாலும், ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்குகிறது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வருபவர் எந்தக் கேமராவையும் கடந்துவிடுவார்.

இனி மீட்டர். மூச்சில் வெளிவரும் காற்றில் சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கரியமில வாயு. வெளிக்காற்றில் 420 பிபிஎம். ஆகவே அறையில் 420-க்கு மேல் காட்டுவது எல்லாமே யாரோ ஒருவர் ஏற்கெனவே சுவாசித்து விட்ட காற்று. கிருமியை மீட்டர் அளப்பதில்லை. அடுத்தவர் மூச்சு எவ்வளவு சேர்ந்து கிடக்கிறது என்பதை அளக்கிறது.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். ‘என்டிஐஆர்’ வகை என்று எழுதியிருக்க வேண்டும், அதாவது அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவையே நேரடியாக அளப்பது. மலிவாக வரும் பலவற்றில் இருப்பது ஆவிப் பொருள்களை முகரும் சென்சார்; அதிலிருந்து கரியமில வாயுவை ஊகித்து ஒரு எண்ணைக் காட்டும். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. கையில் சானிடைசர் போட்டுக்கொண்டு மீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள், மூச்சு அதன் மேல் படாமல். எண் ஆயிரக்கணக்கில் எகிறினால் அது போலி, திருப்பி அனுப்புங்கள். அலுவலகம் முழுக்க சானிடைசர் மணக்கும் நாளில் அந்தக் கருவி நாள் பூராவும் கூச்சல் போடும்.

அடுத்த சிக்கல் தானியங்கிச் சரிபார்ப்பு. பெரும்பாலான மீட்டர்கள் கடந்த ஒரு வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அதை 400 ஆக்கிவிடும். வாரக் கடைசியில் காலியாகும் அலுவலகத்தில் இது சரிப்படும். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் காற்று ஒருநாளும் 400-க்கு இறங்காது. மீட்டர் 650-ஐ 400 என்று நம்பி, அதன் பிறகு எல்லாவற்றையும் 250 குறைத்தே காட்டும். உங்களிடம் இரவு ஷிஃப்ட் இருந்தால் இந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் 20 நிமிடம் வைத்துக் கைமுறையாகச் சரிபாருங்கள். அப்போது பக்கத்தில் நின்று ஃபோன் பேசாதீர்கள்.

வைக்கும் இடம்: உட்கார்ந்தவர் மூக்கு உயரம், ஆளிடமிருந்து அரை மீட்டராவது தள்ளி, ஏசி காற்று நேரே படாத, கதவோரம் அல்லாத இடம். ஹாலில் நான்கு, அதில் ஒன்று கட்டாயம் வாசலுக்கு எதிர்மூலையில். மீட்டிங் ரூமுக்கு ஒன்று. மீதி ஒன்றை வெளிக்காற்றோடு ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன்பு ஆறையும் ஒரே மேசையில் ஓர் இரவு வைத்து எண்கள் 50 பிபிஎம்முக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது பலர் தவறுவது. 33 பேர் வந்த நாளில் மீட்டர் 1,100 காட்டுகிறது. 1,500-ஐத் தாண்டினால்தான் மோசம் என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ சொல்கிறதே, நாம் தப்பித்தோம் என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த 1,100 பாதி ஆளுக்கானது. 70 பேருக்கு என்ன ஆகும் என்பதை ஒரு மாலைச் சோதனையில் கண்டுபிடிக்கலாம்.

எல்லோரும் கிளம்பியதும் ஏசியும் ஃப்ரெஷ் ஏர் ஃபேனும் பகலில் ஓடுவதுபோலவே ஓடட்டும். மீட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியட்டும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. துடைப்பதற்கு நான்கு பேர் உள்ளே வந்துவிட்டால் கணக்கு கெட்டது; ஹவுஸ்கீப்பிங்கிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஏசியை நேரத்துக்கு அணைக்கும் டைமர் இருந்தால் அன்று மட்டும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் கதவிடுக்குக் கசிவை மட்டுமே அளந்திருப்பீர்கள்.

உங்கள் அளவு அறையில் 1,100-இல் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 760-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 420-ஐக் கழித்தால் 680 என்பது 340 ஆகியிருக்கிறது, சரிபாதி. ஒரு மணியில் பாதியானால் காற்று மாறும் வீதம் மணிக்கு 0.69 தடவை, இரண்டின் இயல் மடக்கை அது. உங்கள் ஹாலின் கொள்ளளவு 45,000 கன அடி. 0.69 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் சுமார் 520 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), அதாவது நொடிக்கு 245 லிட்டர் புதிய காற்று வருகிறது. 70 பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றரை லிட்டர். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச் வழிகாட்டியில் சொன்னது நொடிக்குத் தலைக்கு 10 லிட்டர்.

உட்கார்ந்து வேலை செய்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். அதை வைத்துக் கணக்கிட்டால் 70 பேர் நிறைந்த நாளில் இந்த ஹால் 1,850 பிபிஎம்மில் போய் நிற்கும். இதே காற்றோட்டத்தில் தலைக்கு 10 லிட்டர் கிடைக்க வேண்டுமென்றால் 24 பேர்தான் உட்காரலாம். முன்பதிவு ஆப்பில் உச்சவரம்பாகப் போட வேண்டிய எண் இதுதான். மேசை எத்தனை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

24-ஐ 70 ஆக்க வேண்டுமானால் நொடிக்கு இன்னும் 455 லிட்டர், ஏறத்தாழ 960 சிஎஃப்எம் புதிய காற்று வேண்டும். கேசட் ஏசியும் ஸ்ப்ளிட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுபவை. வெளிக்காற்று தனி வழியில் வர வேண்டும். கட்டடம் கட்டும்போதே அந்த வழி வைத்திருப்பார்கள். பணத்தைச் செலவழிக்கும் முன் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பாருங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் பலகையான டேம்பர் மூடியிருக்கும், அல்லது அதைத் திருப்பும் சின்ன மோட்டார் செத்திருக்கும், அல்லது வெளிச்சுவர் ஜாலியில் புறாக்கூடும் தூசியுமாக அடைத்திருக்கும். கட்டடத்தின் கணினி திரையில் ‘100 சதவீதம் திறப்பு’ என்றிருப்பதை நம்ப வேண்டாம். அது மோட்டாருக்குப் போன கட்டளை. பலகை திரும்பியதா என்பது ஏணியில் ஏறியவருக்குத்தான் தெரியும்.

டேம்பரை மூடி வைப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. வெளியே 38 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 28. உள்ளே 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்தால், நொடிக்கு 700 லிட்டர் வெளிக்காற்றைக் குளிரவைக்க மட்டும் சுமார் 9 டன் ஏசி வேண்டும். மின் கட்டணம் பார்க்கும் எவரும் முதலில் கைவைக்கும் இடம் அது. வெளியேறும் குளிர்காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் ஈஆர்வி பெட்டி போட்டால் அந்தச் சுமையில் ஏறக்குறைய பாதி குறையும். புதிதாகப் போடுவதாக இருந்தால் இதைத்தான் கேளுங்கள்.

இங்கே பிழையாகும் இடங்கள் பல. கேட்லாக்கில் 1,000 சிஎஃப்எம் என்றிருக்கும் இன்லைன் ஃபேன், நுண்தூசியைப் பிடிக்கும் மெர்வ் 13 ஃபில்டரையும் இருபது அடி டக்ட்டையும் மாட்டினதும் அந்த அளவைத் தராது. எவ்வளவு எதிர்ப்புக்கு எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் ஃபேன் கர்வ் வரைபடத்தைக் கேட்டு, ஃபில்டர் அழுக்கான நிலையில் எவ்வளவு தரும் என்று பாருங்கள். வெளிக்காற்றைச் சும்மா சீலிங்குக்கு மேல் கொட்டிவிட்டால் ஈரம் குளிர்ந்த குழாய்களில் படிந்து, ஐப்பசி மழையில் டைல்களில் மஞ்சள் வட்டம் விழும், பிறகு சொட்டும். அப்படிச் சொட்டத் தொடங்கிய வாரமே ஃபேனை அணைத்துவிடுவார்கள். பல கேசட் ஏசிகளில் வெளிக்காற்று டக்ட்டைப் பொருத்த ஒரு துளை மூடிய நிலையில் இருக்கும். அதன் வழியே விட்டால் காற்று குளிர்ந்துதான் உள்ளே வரும். எத்தனை சிஎஃப்எம் வரை தாங்கும் என்பது அதன் கையேட்டில் உண்டு. உறிஞ்சும் வாய் ஜெனரேட்டர் புகைபோக்கிக்கும் பார்க்கிங் சரிவுக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. டாய்லெட் எக்ஸாஸ்ட் நாள் முழுக்க ஓடட்டும். ஆனால் உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிஃப்ட் லாபியின் காற்று கதவிடுக்கு வழியே வரும்.

ஆள் குறைந்தால் வெளிக்காற்றையும் தானாகக் குறைக்கும் அமைப்பு சில கட்டடங்களில் இருக்கும். மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மை. காய்ச்சல் பரவும் மாதங்களில் அதை அணைத்து வையுங்கள்; பாதி ஆள் வரும் நாளில் கிடைக்கும் உபரிக் காற்றை அது பறித்துவிடும்.

தொற்றுக் காலத்துக்கென்று அமெரிக்க ஏசி, காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2023-இல் வெளியிட்ட 241-ஆம் தரநிலை இன்னும் கடுமையானது. அலுவலகத்துக்குத் தலைக்கு நொடிக்கு 15 லிட்டர் தூய காற்று. ஆனால் அது முழுக்க வெளிக்காற்றாக இருக்க வேண்டியதில்லை, வடிகட்டிய காற்றும் கணக்கில் சேரும். உங்களுக்கு மொத்தம் 1,050 லிட்டர். 700 வெளியிலிருந்து வந்தால் மீதி 350-ஐ, அதாவது மணிக்கு 1,260 கன மீட்டரை மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் பியூரிஃபையர்கள் தரலாம். பெட்டியில் 400 கன மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து நான்கு போதும் என்று முடிவு செய்யாதீர்கள். அது உச்ச வேகத்தில். அந்த இரைச்சலில் ஃபோன் பேச முடியாது. இரண்டாம் நாளே யாராவது ‘சைலன்ட்’டில் வைத்துவிடுவார். நடு வேகத்தில் 200 என்று கணக்கிட்டு ஏழு வாங்குங்கள். அயனி விடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பியூரிஃபையர் கரியமில வாயுவைக் குறைக்காது. அது ஓடும்போதும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று புகார் வரும்போது இதைச் சொல்லுங்கள்.

மீட்டிங் ரூமைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அலுவலகத்திலேயே மோசமான இடம் அதுதான். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், கதவு சாத்தி எட்டுப் பேர். வெளிக்காற்றே வரவில்லையென்றால் மணிக்கு 2,200 பிபிஎம் ஏறும். 500-இல் தொடங்கிய கூட்டம் அரை மணியாகும் முன்பே 1,500-ஐத் தாண்டும்; ஒரு மணி நேர ரிவ்யூ முடியும்போது 2,700. கொட்டாவிக்குப் பேச்சாளர் மட்டும் காரணமில்லை. முன்பதிவு அமைப்பில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். கூட்டத்துக்கு உச்சமாக 45 நிமிடம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 15 நிமிடம் யாரும் பதிய முடியாதபடி பூட்டு. அந்த இடைவெளியில் மணிக்கு 300 கன மீட்டர் தரும் ஒரு பியூரிஃபையர் ஓடினால் மிதக்கும் துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கதவைத் திறந்து வைப்பது இன்னும் நல்லது.

மேசை முன்பதிவுக்கு வருவோம். ஆப் எதுவாக இருந்தாலும், வந்து அமர்ந்ததும் மேசையிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், அரை மணியில் செய்யாவிட்டால் இடம் தானாக விடுபட வேண்டும். இது இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் எல்லா மேசையையும் பதிந்து வைப்பவர்களால் பாதி ஹால் காலியாகவும் ஆப் ‘நிறைந்தது’ என்றும் இருக்கும். உச்சவரம்பை வார சராசரிக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் வையுங்கள். எல்லா டீமும் ஒரே புதன்கிழமையைத் தேர்ந்தெடுக்கும்.

உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எதை வைத்து எண்ணுவது? ஆக்சஸ் கார்டு பஞ்ச் இருந்தால் அதுவே போதும், ஆனால் ஒருவர் பஞ்ச் செய்ய மூன்று பேர் பின்னால் நுழைவார்கள், வெளியே போகும்போது பாதிப்பேர் பஞ்ச் செய்யமாட்டார்கள். ஒரு வாரம் காலை 11, மாலை 4 மணிக்குத் தலையை எண்ணி, கார்டு கணக்கோடு எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வைஃபையை வைத்து எண்ணுவதை நம்ப வேண்டாம்: ஒரே ஆள் லேப்டாப்பும் ஃபோனுமாக இரண்டாகத் தெரிவார், புதிய ஃபோன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக்கொள்கின்றன. மேசைக்கு அடியில் வெப்பம் உணரும் சென்சார் வைப்பது தொழில்நுட்பமாகச் சரி, மனிதர்களிடம் தவறு. 2016 ஜனவரியில் லண்டனில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் சொல்லாமல் வைத்த அந்தப் பெட்டிகளை ஊழியர் எதிர்ப்பால் அன்றே கழற்ற வேண்டியதாயிற்று.

புளூடூத் டேக்கைத் தவிர்த்துவிடலாம். சிக்னலின் வலுவை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. நடுவில் ஒரு உடம்பு நின்றால் பக்கத்தில் இருப்பவரைத் தூரத்தில் என்கிறது, ஜிப்சம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பக்கத்தில் என்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் அந்த வாரம் எந்த வரிசையில், எந்த மீட்டிங் ரூமில் இருந்தார் என்பதை முன்பதிவுப் பதிவே சொல்லிவிடும். எச்ஆர் அந்த வரிசைக்குப் பெயர் சொல்லாமல் தகவல் அனுப்பினால் போதும். பதிவை மூன்று வாரத்துக்குப் பிறகு அழித்துவிடுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருப்பதை ஏற்காது. அதே பதிவை வருகைக் கண்டிப்புக்குப் பயன்படுத்தினீர்களோ, அடுத்த மாதம் யாரும் உண்மையாக ஸ்கேன் செய்யமாட்டார்கள். கைரேகை இயந்திரத்தை மாற்றுவதற்கும் அவசரமில்லை. மத்திய அரசு அலுவலகங்கள் 2020 மார்ச்சில் நிறுத்திய கைரேகைப் பதிவை 2021 நவம்பர் 8 முதல் மீண்டும் தொடங்கிவிட்டன.

காலியாகக் கிடந்த பகுதி ஏதேனும் இருந்தால் ஆள் உட்காரும் முன் ஒரு தண்ணீர் வேலை உண்டு. தேங்கிய குழாய்த் தண்ணீரில், 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில், லெஜியோனெல்லா வளரும். நம் ஊர் ஓவர்ஹெட் டேங்க் எப்போதும் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. டேங்கைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் திறந்து ஓடவிட்டு, கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதனைப் பட்டையில் பாருங்கள். தரை வடிகால் ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிட்டால் சாக்கடைக் காற்று மேலே வரும். 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியதில் காய்ந்த வடிகால்களுக்குப் பங்கு இருந்தது.

கம்பெனி கேப் ஓடினால் ஓட்டுநரிடம் ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுங்கள்: காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி. அது எரிந்தால் ஏசி உள்காற்றையே சுழற்றுகிறது. கசிவே இல்லாத காரில் நான்கு பேர் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 பிபிஎம் ஏறும். நிஜக் காரில் கசிவு இருப்பதால் கொஞ்சம் மெதுவாக. சிறுசேரியிலிருந்து தாம்பரம் வரை அப்படியே போனால் உங்கள் ஹாலில் செய்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தாது. உபரியாக இருக்கும் ஆறாவது மீட்டரை ஒரு நாள் கேப்பில் அனுப்பிப் பாருங்கள், பொத்தான் எரிந்தபடி ஒரு நடை, அணைத்து ஒரு நடை.